நியாயமான அவகாசம்

என் தம்பி அராபோ ஸ்பானியர்களிடம் நாக்காக வேலை பார்த்தான். மொழிபெயர்ப்பவனுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். ஆற்று மணலில் தங்கம் அரிக்க எங்கள் ஊரிலிருந்து பிடித்துப் போன பதினாறு பேரில் பதினான்கு பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். மிஞ்சிய இருவரில் ஒருவன் இவன். எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் வாய் அவனுக்கு. ஒரு பாதிரியார் அதைக் கண்டுபிடித்து அவனுக்கு ஒரு சட்டையும் ஒரு ஜெபமும் கொடுத்தார். சட்டை முழங்கால்வரை தொங்கியது. ஜெபம் கடைசிவரை அவனுக்குப் புரியவில்லை.

பிறகு அவனைக் கேப்டன் பராஹோனாவின் படையில் சேர்த்தார்கள். அறுபது வீரர்கள், ஒன்பது குதிரைகள், நான்கு வேட்டை நாய்கள். அந்த வருஷம் புதிதாக ஒரு ஆளும் சேர்ந்திருந்தார். எழுத்தர் ஒர்தோன்யோ. ஒல்லியான மனிதர். விரல்களில் எப்போதும் மை. நாயைக் கண்டால் பயம். தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்வார். அந்தப் படையிலேயே அந்த வார்த்தை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் தோளில் தொங்கிய தோல் குழாய்க்குள் ஒரு காகிதம் இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசருக்கு அந்த வருஷம் மனசாட்சி உறுத்தியிருக்கிறது. படிப்பாளிகளைக் கூட்டிவைத்து அந்தக் காகிதத்தை எழுத வைத்தாராம். இனிமேல் எந்த ஊரைக் கொளுத்துவதாக இருந்தாலும் முதலில் அதை ஊராருக்கு வாசிக்க வேண்டும். யோசிக்க நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அவர்கள் மறுத்தார்கள் என்று எழுத்தர் சான்று எழுதிய பிறகுதான் பிடித்தவர்களின் நெற்றியில் சூடு போட்டு அடிமைகளாக விற்கலாம். சான்று இல்லாத நெற்றிகளைத் துறைமுகத்து அதிகாரி ஏற்க மாட்டார்.

முதல் வாசிப்பு கப்பலின் மேல்தளத்தில் நடந்தது. கரை இரண்டு அம்புப் பாய்ச்சல் தூரத்தில் இருந்தது. கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கப்பலைப் பார்த்துக் கை அசைத்தார்கள். ஒர்தோன்யோ தொண்டையைச் செருமிக்கொண்டு நான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"ஐயா, இங்கேருந்து அவங்களுக்குக் கேக்காதே" என்று அராபோ கேட்டிருக்கிறான்.

"அவர்கள் கேட்க வேண்டும் என்று காகிதத்தில் இல்லை. நான் வாசிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது."

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நீ உடனிருக்கிறாய். நன்றி."

அன்று கரையில் பதினோரு பேரைக் கொன்றார்கள், முப்பது பேரைப் பிடித்தார்கள். கை அசைத்ததை ஒர்தோன்யோ 'வெறுப்புடன் விரட்டும் சைகை' என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது ஊரில் ஆளே இல்லை. முதல் ஊர் எரிந்த புகையைப் பார்த்து எல்லோரும் காட்டுக்குள் போய்விட்டார்கள். தூளிப்படுக்கைகள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. ஒர்தோன்யோ காலி வீடுகளுக்கு நடுவில் நின்று வாசித்தார். நடக்க முடியாமல் ஒரு கிழவர் மட்டும் அகப்பட்டார். ஊர் முழுவதற்கும் பிரதிநிதியாக அவரைப் பதிவு செய்தார்கள். கிழவர் இருமினார். அது மறுப்பு என்று எழுதியதும் கேப்டன் நாயை அவிழ்த்துவிட்டார். அந்த இருமல் வெகுநேரம் கேட்டது என்றான் அராபோ.

மூன்றாவது ஊரில் முதலில் எல்லோரையும் பிடித்துக் கயிற்றில் கட்டிவிட்டு அப்புறம் வாசித்தார்கள். கட்டி உட்காரவைத்தால் கவனமாகக் கேட்பார்கள் என்றார் கேப்டன். ஆனால் முன்பின் மாறியதால் அந்தச் சான்று செல்லாது என்று சொல்லி, பிடித்த முப்பத்துநான்கு பேரையும் துறைமுகத்து அதிகாரி அரசர் பெயரில் தனக்கே எடுத்துக்கொண்டார். வீரர்கள் கேப்டனிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்காவது ஊர் எங்கள் குவாமேய்.

அராபோ ஒரு நாள் முன்னதாகவே காலையில் ஓடி வந்தான். "நான் போய் எல்லாரையும் ஒரே இடத்துல கூட்டி வெக்கறேன், உங்களுக்கு வேலை சுலபம்" என்று கேப்டனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். கேப்டன் மகிழ்ந்து தன் பழைய தொப்பி ஒன்றை அவன் தலையில் வைத்து அனுப்பியிருந்தார்.

எங்கள் காசிக்கே, அதாவது தலைவி, குவாரிகோவா. எங்கள் அம்மாவின் அக்கா. நாங்கள் கூப்பிடுவது பெரியம்மா என்று. தலைவியின் மர இருக்கையில் உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமா பகுவானா, பெரியம்மாவின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த கலகத்தில் ஒரு கண்ணையும் மூன்று மகன்களையும் கொடுத்தவர். அராபோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக் காகிதத்தையும் மனப்பாடமாக எங்கள் பேச்சில் சொன்னான். உலகத்தில் அந்தக் காகிதத்தை ஒருவர் இன்னொருவருக்குப் புரியும்படி சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இரு இரு" என்றார் பெரியம்மா. "பேதுருன்னு ஒருத்தன். அவன்கிட்ட சாமி உலகத்தையே குடுத்துச்சு. சரி. அவன் இந்தப் பக்கம் வந்திருக்கானா?"

"இல்ல பெரியம்மா."

"அவனுக்கு அப்புறம் வந்தவன்?"

"அவர் இடத்துல இருக்கிற பாப்பரசரும் வந்ததில்ல."

"அப்ப வராத ஒருத்தன், பாக்காத ஒரு தீவை, தெரியாத ஒரு ராஜாவுக்குத் தூக்கிக் குடுத்துட்டான். அத நாம ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா?"

"ஊருக்குள்ள புகுந்து வெட்டுவாங்க. பொண்டு பிள்ளைங்கள அடிமையா இழுத்துட்டுப் போவாங்க. அதுல வர்ற சாவெல்லாம் நம்ம தப்பு, அவங்க தப்பு இல்லன்னு எழுதியிருக்கு."

மாமா தன் கதாயுதத்தைத் தரையில் ஊன்றி எழுந்தார். "செத்தவன் மேலயே பழியா? இவனுங்கள நான்..."

"உக்காரு பகுவானா. வில் இழுக்கிற கை எத்தனை மிச்சம் இருக்கு நம்ம ஊர்ல? பத்து. அந்தப் பத்தும் இப்ப துடுப்புக்கு வேணும்." பெரியம்மா அராபோவைப் பார்த்தார். "ஒத்துக்கிட்டா?"

"அன்போட ஏத்துக்குவாங்க, எதையும் தொட மாட்டாங்கன்னு இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் ஒத்துக்கிட்டதில்ல. யாருக்கும் புரிஞ்சதே இல்லியே."

பெரியம்மா சீவுவதை நிறுத்தினார். "அப்படின்னா ஒத்துக்குவோம். மதிச்சா நல்லது. மதிக்கலன்னாலும், என்ன பண்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் முழிப்பானுங்கல்ல?"

அலையாத்திக் காட்டுக்குள் மூன்று பெரிய ஓடங்கள் மறைத்து வைத்திருந்தோம். அவற்றைக் கடலுக்கு இழுத்து, பாறைத் திட்டைத் தாண்டிக் கிழக்குத் தீவுகள் பக்கம் திருப்ப மறுநாள் மத்தியானத்துக்கு மேல் ஆகிவிடும். பிள்ளைகளும், பிள்ளை பெறுகிறவர்களும், துடுப்புப் போடுகிறவர்களும் போக வேண்டும். திடலில் நின்று ஒத்துக்கொள்ள ஆள் வேண்டும். கிழவர்களும் நொண்டிகளும் தாமாகவே முன்னால் வந்தார்கள். மொத்தம் நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

"யாரெய், நீயும் இருக்கணும்" என்றார் பெரியம்மா, என்னைப் பெயர் சொல்லி. "அவங்க அடுப்படியில ரெண்டு வருஷம் கிடந்தவ நீதான். ஒத்துக்கறதுக்கு அவங்க பாஷையில என்ன சொல்லணும்?"

"ஸீ."

"அவ்வளவுதானா? சொல்லிக் குடு."

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை ஓடத்தில் என் ஓரகத்தியின் மடியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து, நாற்பது கிழங்களுக்கு 'ஸீ' சொல்லக் கற்றுக்கொடுத்தேன். பல் போனவர்கள் வாயில் அது வெறும் காற்றாக வந்தது. மாமா மட்டும் அதைக் காறித் துப்புவதுபோலச் சொன்னார். "மாமா, கொஞ்சம் சிரிச்ச முகமா" என்றேன். "சிரிச்சாத்தான் எனக்கு இன்னும் கோரமா இருக்கும்டி" என்றார். உண்மைதான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அவர்கள் வந்தார்கள். என்னோடு நாற்பத்தோரு பேர் பந்தாட்டத் திடலில் வரிசையாக நின்றோம். பெரியம்மா இறகு முடி தரித்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கேப்டன் குதிரையிலிருந்தபடியே எங்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னடா இது, எல்லாம் காய்ஞ்ச சருகா இருக்கு? இளசுங்க எங்க?"

"உங்களுக்கு விருந்து வெக்க மீன் பிடிக்கப் போயிருக்காங்க எஜமான். வந்துடுவாங்க" என்றான் அராபோ.

ஒர்தோன்யோ வாசித்தார். அராபோ ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி மொழிபெயர்த்தான். முடிந்ததும் நான் கண்ணைக் காட்டினேன்.

"ஸீ!" என்றது திடல்.

எழுத்தரின் பேனா அந்தரத்தில் நின்றது. வீரர்கள் கயிற்றைக் கையில் சுற்றியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்கறாங்க?" என்றார் கேப்டன்.

"ஒத்துக்கொள்கிறார்கள்."

"எதை?"

"எல்லாவற்றையும்." ஒர்தோன்யோ காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் நேர்மையானவர். எழுதினார்: 'மேற்படி ஊரார் ஏற்றுக்கொண்டனர்.' அவசரத்தில் கேப்டனும் அதன்கீழ் தன் அடையாளத்தைப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் கேட்டார்: "இப்ப என்ன பண்ணணும்?"

"அன்போடு ஏற்றுக்கொண்டு, எதையும் தொடாமல் திரும்பிப் போக வேண்டும்."

அறுபது பேரும் ஒரே நேரத்தில் முனகினார்கள்.

"யோவ், இவ்வளவு தூரம் கொசுக்கடியில வந்தது அன்பு காட்டவா? ஏதாச்சும் வழி பாரும்!"

ஒர்தோன்யோ வெகுநேரம் யோசித்தார். "ஒரு ஆட்சேபம் இருக்கிறது. நியாயமான அவகாசம் கொடுத்த பிறகே பதில் பெற வேண்டும். இவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். யோசிக்காமல் சொன்னது பதில் ஆகாது." பையிலிருந்து மணல் கடிகாரத்தை எடுத்து முரசின்மேல் கவிழ்த்து வைத்தார்.

நாங்கள் யோசித்தோம். மணல் விழுந்துகொண்டிருந்தது. பெரியம்மா சைகை காட்ட, நான் வீரர்களுக்கு மரவள்ளி ரொட்டி பரிமாறினேன். மிளகாய்ச் சாறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மணல் தீர்ந்ததும் மறுபடி "ஸீ!"

"பயத்துல சொல்றாங்களா, மனசாரச் சொல்றாங்களான்னு கேளு" என்றார் கேப்டன்.

அராபோ கேட்டான். "பயத்துலதான் எஜமான். இத்தனை வாளுக்கு முன்னாடி வேற எப்படிச் சொல்லுவாங்க?"

"பயத்தில் கொடுத்த சம்மதம் செல்லாது" என்றார் ஒர்தோன்யோ.

"அப்ப பயமில்லாம சொல்லச் சொல்லட்டுமா?"

"பயமில்லாமல் சொன்னால், காகிதத்தின் பின்பாதியிலுள்ள எச்சரிக்கையை அவர்கள் மதிக்கவில்லை என்று ஆகும்."

அதற்குமேல் போகவில்லை. குன்றின்மேல் காவலுக்கு நின்றவன் கத்தினான்: "ஓடம்! கடல்ல மூணு ஓடம்! ஆளுங்க தப்பிக்கறாங்க!"

கேப்டன் வாளை உருவி, பக்கத்தில் நின்ற கிழவியின் கழுத்தில் இறக்கினார். அந்த நேரத்தில் அவள் வாயில் ரொட்டி இருந்தது. மாமா கதாயுதத்தைச் சுழற்றி ஒரு வீரனின் தலைக்கவசத்தைத் தலையோடு சேர்த்து நசுக்கினார். அடுத்தவனின் முழங்காலை உடைத்தார். மூன்று ஈட்டிகள் அவரைப் பின்பக்கமாகத் தரையோடு தைத்தன. நாய்களை அவிழ்த்தார்கள். சிலர் இன்னும் "ஸீ, ஸீ" என்று சொல்லிக்கொண்டே செத்தார்கள். ஒருவேளை சரியாக உச்சரிக்கவில்லையோ என்று நினைத்திருப்பார்கள். பெரியம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே வெட்டு வாங்கினார். எனக்குத் தோளில் ஒரு வெட்டு விழுந்தது. நான் மல்லாந்து விழ, பெரியம்மா என்மேல் சரிந்தார். அவர் ரத்தம் என் கண்ணில் வழிந்தது. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அசைவு தெரியும்.

ரொட்டி சாப்பிடும் நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது.

"கிளம்புங்கடா கப்பலுக்கு! ஓடத்தைப் பிடிச்சுரலாம்!" என்று கேப்டன் கத்தினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஒர்தோன்யோ. முரசுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "ஓடத்தில் போகிறவர்களும் இந்த ஊரார்தான். இந்த ஊரார் ஏற்றுக்கொண்டதாக எழுதி, உங்கள் அடையாளமும் இருக்கிறது. அவர்களைப் பிடித்தாலும் நெற்றியில் சூடு போட முடியாது."

"அந்தப் பக்கத்தைக் கிழி."

"பக்கங்களுக்கு எண் உண்டு."

"பிடிச்சிட்டு வந்து அப்புறம் எழுதிக்கலாம்யா!"

இதைக் கேட்டதும் வீரர்களே தடுத்தார்கள். "போன தடவையும் இதத்தான் சொன்னீங்க கேப்டன். முப்பத்துநாலு பேர் போச்சு. முதல்ல எழுதட்டும்."

"எப்படி எழுதறது? மறுக்கச் சொல்ல ஒருத்தன் உயிரோட இருக்கானா பாரும்!"

"உயிரோடு இருக்க வேண்டும் என்று காகிதத்தில் இல்லை" என்றார் ஒர்தோன்யோ, திருப்பிப் பார்த்துவிட்டு. "ஊரார் கூடியிருக்க வேண்டும் என்றே இருக்கிறது. கூடித்தான் இருக்கிறார்கள். மறுபடி வாசிக்கிறேன். பேசாமல் இருந்தால் மறுப்பு என்று கொள்ளலாம்."

அவர் காலை எடுத்துவைக்க உலர்ந்த இடம் தேடி நின்று, முதல் வரியிலிருந்து வாசித்தார். உலகத்தைக் கடவுள் படைத்ததைச் சொன்னார். பேதுருவைப் பற்றிச் சொன்னார். ஈக்கள் வந்துவிட்டன. வாசித்து முடித்து, "மொழிபெயர்" என்றார்.

அராபோ அதுவரை தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றிருந்தான். இப்போது தலை நிமிர்ந்தான். "ஐயா, இவங்க அங்கங்க சிதறிக் கிடக்காங்க. ஒரே இடத்துல நின்னு சொன்னா கேக்காது. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொன்னாத்தான் முறை."

ஒர்தோன்யோவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "சரியாகச் சொன்னாய். நன்றி."

என் தம்பி ஒவ்வொரு பிணமாகக் குனிந்தான். காகிதத்தை மொழிபெயர்ப்பதுபோல ஒரே ராகத்தில் பேசினான். அவன் சொன்னது எனக்குக் கேட்டது. "நொண்டித் தாத்தா, உன் பேரன் ரெண்டாவது ஓடத்துல இருக்கான். போயிட்டு வா." அடுத்தவளிடம்: "அத்தே, உன் கிளியை அவிழ்த்து விட்டுட்டேன், கவலப்படாத." மாமாவிடம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "மாமா, ரெண்டு பேரை அடிச்சிட்ட. ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தன் இனிமே நடக்க மாட்டான். நானே பாத்தேன்."

கடைசியில் எங்களிடம் வந்தான். பெரியம்மாவின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியவன் என் கண்ணைப் பார்த்துவிட்டான். ராகம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு தொடர்ந்தான்.

"அக்கா. மூச்சை மெதுவா விடு. வயிறு ஏறி இறங்குது. பெரியம்மாவ உன்மேல இன்னும் கொஞ்சம் இழுத்து விடறேன். ஓடம் பாறைத் திட்டுகிட்ட போயிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் வேணும், அவ்வளவுதான். காத்து நம்ம பக்கம். பாப்பா அழலியாம், தூங்கிட்டாளாம்."

கரையைவிட்டு நகராதவனுக்கு ஓடத்தில் குழந்தை தூங்கியது எப்படித் தெரியும்? பொய்தான். அவன் வாழ்நாளில் தானாகச் சொந்தமாகச் சொன்ன வார்த்தைகள் எவ்வளவு குறைவு. அதில் அதுவும் ஒன்று.

ஒர்தோன்யோ மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். செத்தவர்கள் யோசித்தார்கள். கேப்டன் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மணல் தீர்ந்தது.

"என்ன சொல்கிறார்கள்?"

அராபோ எழுந்து நின்றான். "இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்னு சொல்றாங்க ஐயா."

"என்னது?" என்றார் கேப்டன்.

"பெரிய விஷயம் எஜமான். பேதுரு யாருன்னே இன்னும் அவங்களுக்குப் பிடிபடல. நாளைக்கு யாரும் அவசரப்படுத்தினாங்கன்னு சொல்லிடக் கூடாதுல்ல?"

ஒர்தோன்யோ நெற்றியைத் தேய்த்தார். "கேட்டால் மறுக்க முடியாது. நியாயமான அவகாசம் என்றுதான் இருக்கிறதே தவிர, எவ்வளவு என்று இல்லை." மறுபடி கவிழ்த்தார்.

அது பாதி இறங்குவதற்குள் குன்றின்மேல் இருந்தவன் கூவினான். "ஓடம் தெரியல கேப்டன்! கடல் காலியா இருக்கு!"

அராபோ சிரித்தான். பயந்து பயந்து வாழ்ந்தவன் அவன். அப்படிச் சிரித்து நான் சின்ன வயசில் பார்த்ததுதான். கேப்டன் வந்து வாளை அவன் அடிவயிற்றில் செருகி மேல்நோக்கி இழுத்தார். சட்டை முதலில் கிழிந்தது. அவன் என்னிலிருந்து நான்கு முழத்தில் விழுந்தான். உயிர் போகும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவர்களும் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"அவகாசம் இன்னும் பாதி இருக்கிறது" என்று ஒர்தோன்யோ மெல்லிய குரலில் சொன்னார். உட்கார்ந்து மீதி மணலும் விழும்வரை காத்திருந்தார். பிறகு சான்று எழுதி, எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார்.

"மேற்படி ஊரார் முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் மும்முறை அவகாசம் பெற்று நன்கு ஆலோசித்தபின் ஒருமனதாக மறுத்தனர். ஆகவே நேர்ந்த சாவுகள் அவர்களுடைய குற்றமே. மொழிபெயர்ப்பாளர் பணியின்போது இயற்கையாக இறந்தார்."

மறுத்தவர்களின் தொகை எழுத வேண்டியிருந்ததால் திடலை ஒரு சுற்று வந்து பேனாவால் சுட்டி எண்ணினார். பெரியம்மாவைச் சுட்டியது. அடுத்து என்னைச் சுட்டியது. ஒரு சொட்டு மை என் கன்னத்தில் விழுந்தது. "நாற்பத்தொன்று" என்றார்.

வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ஒரு ஆளைக்கூடப் பிடிக்காமல், சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு.

ஐந்து நாள் அலையாத்தி வேருக்குள் நண்டு தின்று கிடந்தேன். தோளில் புழு வைத்தது. ஆறாம் நாள் எங்கள் ஆட்களே ஒரு ஓடத்தில் தேடி வந்து எடுத்துப் போனார்கள். என் மகள் என்னை மூன்று நாள் கிட்டே சேர்க்கவில்லை. என்மேல் பிண வாடை அடிக்கிறது என்றாள். அவள் ஓடத்தில் தூங்கவில்லையாம். வழி நெடுக அழுதாளாம்.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தத் தீவுக்கும் அவ்வப்போது கப்பல் வருகிறது. கப்பலைக் கண்டதும் நாங்கள் மலையேறிவிடுகிறோம். அவர்கள் கீழே நின்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். நல்ல குரல்வளம் உள்ள ஆட்களாகத்தான் பார்த்து அனுப்புகிறார்கள்.

அந்தச் சான்று எங்கோ ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கும். நாற்பத்தோரு பேர் மறுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. நாற்பது பேர் விஷயத்தில் அது பச்சைப் பொய். அந்த வாசிப்பை உயிரோடு கேட்டும் வாய் திறக்காமல் கிடந்த என் ஒருத்தி விஷயத்தில் மட்டும், அந்த நல்ல மனிதர் எழுதியது உண்மை.